தோட்ட டிராக்டரில் டயர் சங்கிலியும் பனி பிளேடும்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

தோட்ட டிராக்டரின் முன்னால் பனி தள்ளும் பிளேடு மாட்டியாயிற்று, பின்சக்கரங்களில் சங்கிலி கட்டியாயிற்று, முதல் பனியும் விழுந்தாயிற்று. டிராக்டரை எடுத்தால் பத்தடி போவதற்குள் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இல்லையென்றால் சங்கிலி மட்கார்டில் தடதடவென்று அடிக்கிறது. அதுவும் இல்லையென்றால் பிளேடு பனியைத் தள்ளாமல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. உடனே எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் எஞ்சின்மேல் தப்பு இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமுள்ள பாதையில் 15 செ.மீ. பனி விழுந்தால் அது 9 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 900 கிலோ ஆகிறது. நனைந்து இறுகிய பனி 300 கிலோவைத் தாண்டும். அப்போது அதே பாதையில் கிடப்பது 2,700 கிலோ. தள்ள வந்திருப்பதோ, ஆளோடு சேர்த்தும் பெரும்பாலும் அரை டன்னுக்குள் அடங்கிவிடும் வண்டி. பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொடும் அந்தக் கொஞ்ச இடத்தில் எவ்வளவு பிடி இருக்கிறதோ, அவ்வளவுதான் அது தள்ளும். அதனால் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் பிடி, அடுத்து எடை, அதன் பிறகு பிளேடு என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கையை வைப்பதற்கு முன் பிளேடைத் தரையில் இறக்குங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுங்கள். தூக்கி நிற்கும் பிளேடுக்கு அடியில் கை விடவே கூடாது. ஸ்பிரிங்கோ லீவரோ நழுவினால் அது கீழே வர ஒரு நொடி போதும்.

பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது

இரண்டு சக்கரமும் சுற்றுகிறதா, ஒன்று மட்டுமா? பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு. பிடி குறைந்த சக்கரத்தை அது சும்மா சுற்றவிடும். பிடி உள்ள சக்கரம் பேசாமல் நிற்கும். எனவே ஒரே ஒரு சக்கரம் சுற்றினால் அந்தப் பக்கத்தில்தான் ஏதோ சரியில்லை: சங்கிலி தளர்ந்திருக்கும், காற்று கூடியோ குறைந்தோ இருக்கும், அல்லது அந்தப் பக்கத் தரை சரிவாக இருந்து எடை மறுபக்கம் போயிருக்கும். இரண்டு சக்கரத்திலும் சங்கிலி ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டும் சேர்ந்து சுற்றினால் எடை போதவில்லை என்று அர்த்தம். சங்கிலி பல் மாதிரி. அழுத்த ஆள் இல்லாவிட்டால் பல் கடிக்காது. எடை சேர்க்க மூன்று வழிகள் உண்டு. ரிம்மில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு வட்டுகள் ஒன்று. வண்டியின் பின்புறம் தொங்கவிடும் எடை இன்னொன்று. டயருக்குள் திரவம் நிரப்புவது மூன்றாவது.

பின்புறம் தொங்கவிடும் எடையில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 120 செ.மீ. இருக்கிறது, பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் 30 கிலோ தொங்கவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி முன்சக்கரத்திலிருந்து 10 கிலோ குறைந்து, பின்சக்கரத்தில் 40 கிலோ ஏறும். முன்னால் பிளேடு தொங்கும் வண்டிக்கு இது ரொம்பப் பொருத்தம். ஆனால் அளவு மிஞ்சினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

டயருக்குள் வெறும் தண்ணீர் நிரப்பாதீர்கள், உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் கடுங்குளிரிலும் உறையாது, தண்ணீரைவிட கனமும் கூட. ஆனால் ஒரு சின்னக் கசிவு வந்தாலும் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். பீட்ரூட் சாற்றில் செய்த திரவம் அரிக்காது. கார் கண்ணாடி கழுவும் குளிர்காலத் திரவத்தையும் பலர் நிரப்புகிறார்கள். எத்திலீன் கிளைக்கால் உள்ள ரேடியேட்டர் திரவத்தைத் தொடவே வேண்டாம். அது இனிக்கும், கசிந்து தேங்கினால் நாயோ பூனையோ நக்கிவிட்டுச் செத்துப்போகும். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறையும். மேலே காற்றுக்கு இடம் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது கனமான சட்டமும் 12 அங்குல ரிம்மும் உள்ள தோட்ட டிராக்டரா, அல்லது 8 அங்குல ரிம் உள்ள புல்வெட்டும் வண்டியா? தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், உள்ளே கியர்பெட்டி வேறு. புல்வெட்டும் வண்டியில் சக்கரம் வழுக்குவதே கியர்பெட்டிக்கு ஒரு பாதுகாப்பு. மின்சுற்றில் ஃபியூஸ் மாதிரி. சங்கிலியும் ஏராளமான எடையும் சேர்த்து அந்த வழுக்கலை இல்லாமல் செய்துவிட்டால், அடுத்து உடையப்போவது உள்ளே இருக்கும் பல்சக்கரம்தான். அப்படிப்பட்ட வண்டிக்குச் சங்கிலியோடு ஓரளவு எடை போதும். பனியை 10 செ.மீ. சேர விடாமல், விழ விழ அடிக்கடி தள்ளுங்கள்.

அப்புறம், பனி முழுக்கப் போன வெறும் சிமெண்டுத் தரையில் சங்கிலி வழுக்கத்தான் செய்யும். இரும்பு சிமெண்டைக் கடிக்காது. அது கோளாறு இல்லை. தரையில் கோடு விழுவது பிடிக்கவில்லை என்றால் ரப்பர் சங்கிலி வாங்கலாம். பிடி சற்றுக் குறைவு, தரை பிழைக்கும். பளிங்கு போல உறைந்த பனிக்கட்டி உள்ள இடமாக இருந்தால் குறுக்குக் கண்ணிகளில் பல் பற்றவைத்த சங்கிலிதான் உதவும்.

சங்கிலி தளர்கிறது, ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, கழன்று விழுகிறது

பத்தில் எட்டுப் பேருக்கு வரும் தொல்லை என்று சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவு சகஜம். மூன்று காரணங்கள்: அளவு தப்பு, மாட்டிய விதம் தப்பு, மறுபடி இறுக்காமல் விட்டது.

அளவை டயரின் பக்கச் சுவரில் படியுங்கள். 23×10.50-12 என்று இருந்தால் வெளி விட்டம் 23 அங்குலம், அகலம் பத்தரை அங்குலம், ரிம் 12 அங்குலம். சங்கிலிப் பொட்டியிலும் இதே எண் இருக்க வேண்டும். ஒரே எண் போட்ட டயர்களும் தயாரிப்பைப் பொறுத்து அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பட்டன் (டயரின் மேல் இருக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்த டயரில் புதுச் சங்கிலி கண்டிப்பாகத் தொளதொளக்கும்.

மாட்டும் விதத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. சங்கிலியைத் தரையில் ஏணி மாதிரி விரியுங்கள். நீளவாட்டில் இரண்டு பக்கச் சங்கிலிகள், நடுவே படிகளாகக் குறுக்குச் சங்கிலிகள். (ஹாரி வீட் என்பவர் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய டயர் சங்கிலியிலிருந்து வந்த அமைப்பு இது, அடிப்படை இன்றும் மாறவில்லை.) ஒரு கண்ணி கூட முறுக்கியிருக்கக் கூடாது. குறுக்குச் சங்கிலி பக்கச் சங்கிலியைப் பிடித்திருக்கும் கொக்கியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு புறம் வழுவழுப்பாக இருக்கும், மறுபுறம் கொக்கியின் வாய் தட்டுப்படும். வழுவழுப்பான புறம் டயர்மேல் படிய வேண்டும். வாய் வெளியே பார்க்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கொக்கி நுனிகள் டயரின் பக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினால் வேலை சுலபம். சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். மொத்தமாக இறக்கிவிடாதீர்கள், டியூப் இல்லாத டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிட்டால் திரும்ப உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சங்கிலியை மேலே போர்த்தி, குறுக்குச் சங்கிலிகள் நேராகக் கிடக்கின்றனவா, இரு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். முதலில் உட்பக்கக் கொக்கியை, எட்டுகிற கடைசிக் கண்ணியில் மாட்டுங்கள். பிறகு வெளிப்பக்க லீவரை. இரண்டு பக்கமும் மீதி விடும் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். உட்பக்கத்தில் மூன்று, வெளியே ஐந்து என்று விட்டால் சங்கிலி கோணலாக ஓடி ஒரு பக்கம் ஒதுங்கும். மாட்டிய பிறகு காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். டயர் உப்பும்போது சங்கிலி தானாக இறுகிக்கொள்ளும். பின் டயருக்குக் கையேடுகள் பெரும்பாலும் 6 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை சொல்லும், டயரில் அச்சடித்திருக்கும் உச்ச அளவை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

இப்போது கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்குங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓடிய பிறகுதான் கண்ணிகள் பட்டன் பள்ளங்களில் உட்காரும்; அநேகமாக இன்னும் ஒரு கண்ணி இடம் கிடைக்கும். மீதித் தொங்கும் கண்ணிகளைக் கம்பியால் பக்கச் சங்கிலியோடு கட்டிவிடுங்கள், அல்லது வெட்டி எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் தொய்வு இருந்தால் வெளிப்புறத்தில் நட்சத்திரம் மாதிரி இழுத்துப் பிடிக்கும் ரப்பர் இழுவை போடலாம். அது சின்னத் தொய்வுக்குத்தான். அளவு தப்பான சங்கிலியை அது காப்பாற்றாது.

சங்கிலி டயரைச் சுற்றி மெல்ல மெல்ல நகர்ந்து இடம் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. டயர் சுற்றும்போது சங்கிலி நின்றுவிட்டால்தான் தப்பு.

தடதடவென்று அடிக்கும் சத்தம்

சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டங்’ என்று வந்தால் ஒரே ஒரு தளர்ந்த நுனி மட்கார்டிலோ பிரேக் கம்பியிலோ அடிக்கிறது. கம்பியால் கட்டினால் தீர்ந்தது. ஒவ்வொரு குறுக்குச் சங்கிலிக்கும் வந்தால் மொத்தமாகவே இடம் போதவில்லை.

வாங்குவதற்கு முன்பே டயரைச் சுற்றி விரல் விட்டுப் பாருங்கள்: மேலே மட்கார்டு, உட்புறம் கியர்பெட்டி, பிரேக் இணைப்பு, கால் வைக்கும் தகடு. எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளலாம். ஐந்து போல்ட்டில் மாட்டும் சக்கரம் உள்ள சில வண்டிகளில், இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி மாட்டினால் அகலம் கூடும். பட்டன் திசையும் மாறாது. அச்சில் செருகி மாட்டும் சக்கரத்துக்கு இந்த வழி கிடையாது.

சத்தம் இல்லை, ஆனால் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு எண்ணப்படுகிறதா? நான்கு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ள வகையை வாங்கியிருப்பீர்கள். டயர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறது. இரண்டு கண்ணிக்கு ஒன்று உள்ள வகையில் ஓட்டம் சமமாக இருக்கும், எப்போதும் ஏதோ ஒரு குறுக்குச் சங்கிலி தரையில் இருப்பதால் பிடியும் விடாது. விவசாய டயர் மாதிரி ஆழமான பட்டன் இருந்தால் நான்கு கண்ணி வகை இன்னும் மோசம். குறுக்குச் சங்கிலி பட்டன்களுக்கு நடுவே விழுந்து ஒளிந்துகொள்ளும், சங்கிலி போட்ட பலனே இருக்காது. விலை கூடினாலும் இரண்டு கண்ணி வகையையே வாங்குங்கள் என்பேன்.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

இது எனக்கே நடந்தது. நனைந்த கனமான பனி, பிளேடு முழுக்க நிறைந்திருந்தது. திடீரென்று ஒரு மெல்லிய ‘டிக்’. அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி அசையவில்லை. கியர்பெட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். மனம் விட்டுப் போய், இறங்கிச் சக்கரத்தின் நடுவே இருந்த மூடியைக் கழற்றி, வீட்டிலிருந்து ஒருவரை மெல்ல மிதிக்கச் சொல்லிவிட்டு, எட்டி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அச்சின் முனை சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் அப்படியே நின்றது. அச்சையும் சக்கரத்தையும் பூட்டிவைக்கும் விரல் நீள இரும்புத் துண்டு, மெக்கானிக்குகள் கீ என்பார்கள், அது நடுவே துண்டாகியிருந்தது. முந்தைய கோடையில் சக்கரத்தைக் கழற்றியபோது அந்தக் கீயை ஒரு முனையில் பாதி வெளியே நீட்டியபடி நானே விட்டிருந்தேன். பாதி நீளம்தான் சுமை தாங்கியது, சங்கிலியும் எடையும் சேர்ந்ததும் கத்தரித்துவிட்டது.

அச்சில் செருகும் சக்கரம் உள்ள வண்டியில் முதலில் இதைப் பாருங்கள். நகராமல் போக ஒரு பக்கக் கீ போனாலே போதும். டிஃபரன்ஷியல் எல்லாச் சுழற்சியையும் அந்தப் பக்கமே அனுப்பிவிடும். சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய துண்டுகளை எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, அதே அளவுள்ள புதுக் கீயை முழு நீளமும் உள்ளே உட்காரும்படி வையுங்கள். அச்சில் கிரீஸ் தடவுங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட சக்கரத்தை அடுத்த முறை கழற்றுவது தனிப் பாடு. வாஷரும் முனையில் பூட்டு வளையமும் மறக்க வேண்டாம். சரியான கீக்குப் பதிலாக ஆணியையோ கெட்டி எஃகையோ வெட்டி வைக்காதீர்கள். ஆணி உடனே நசுங்கும். கெட்டி எஃகு தான் உடையாமல் அச்சின் பள்ளத்தைக் கிழித்துவிடும்.

அச்சு முனையும் சுற்றவில்லை என்றால், ஹைட்ரோஸ்டாடிக் வண்டியில் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் வகை) பின்னால் இருக்கும் பைபாஸ் கம்பியைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்காக அதை இழுத்து வைப்போம். பனிக்கட்டி தட்டிப் பாதி இழுபட்டே நின்றிருந்தாலும் வண்டி நகராது, அல்லது நோஞ்சானாக நகரும்.

கம்பி சரியாக இருந்தால் அடுத்தது ஓட்டும் பெல்ட். கீச்சென்று கத்திக்கொண்டு நழுவினால் பனி உருகிய தண்ணீர் பெல்ட்டில் ஏறியிருக்கிறது. நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, புல்லியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுத் துடையுங்கள். துடைத்த பிறகும் நழுவினால் பெல்ட் பளபளவென்று தேய்ந்துபோயிருக்கும், அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் களைத்திருக்கும். புல்வெட்டும் டெக்கைக் கழற்றியபோது அதன் பெல்ட்டை அடியில் தொங்கவிட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அரை மணி நேரத்தில் சோர்ந்தால், ஹைட்ரோ பெட்டி சூடாகியிருக்கிறது. வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அது சூடாகும், ஏனென்றால் அதன் சின்னக் காற்றாடி இருக்கும் இடத்தில் பனி போய் அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டு, அடைப்பை எடுத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

பிளேடு பனிமேல் ஏறுகிறது, அல்லது சரளையை வாரிக்கொண்டு வருகிறது

இரண்டும் ஒரே இடத்தில் தீரும் பிரச்சினை. பிளேடின் இரு முனையிலும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும் காலடிகளைப் பாருங்கள். வெட்டும் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. சரளைப் பாதையில் விளிம்பு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை தூக்கி இருக்கட்டும். முதல் பனியில் கொஞ்சம் பனியை விட்டுவைத்தால் அது சரளையோடு சேர்ந்து உறைந்து தளம் மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு காலடியை ஏற்றி விளிம்பைத் தாழ்த்திக்கொள்ளலாம். சிமெண்டு, தார்த் தளத்தில் விளிம்பு தரையைத் தொட வேண்டும், காலடியே தேவைப்படாது.

காலடி சரியாக இருந்தும் ஏறுகிறதா? தூக்கும் லீவரைப் பாருங்கள். பிளேடு இறக்கிய நிலையில் தன் எடையிலேயே தரையோடு மிதந்து போக வேண்டும். தூக்க உதவும் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் அது பிளேடைப் பாதி தாங்கிப் பிடித்திருக்கும். அதை இரண்டு சுற்று தளர்த்துங்கள். விளிம்பு தேய்ந்து வளைந்திருந்தாலும் ஏறும்; பெரும்பாலான விளிம்புப் பட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம், இன்னொரு ஆயுள் கிடைக்கும். காரோ காலோ மிதித்து இறுகிய பனியை மட்டும் எந்த இலகு பிளேடாலும் சீவ முடியாது. அதனால் மிதிபடுவதற்கு முன்பே தள்ளுவதுதான் வழி.

பிளேடு அடிக்கடி முன்னால் கவிழ்கிறது

அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் வேண்டுமென்றே வைத்தவை. கல்லிலோ தளத்தின் விளிம்பிலோ மோதினால் பிளேடு முன்புறம் மடங்கி, தாண்டியதும் நிமிர வேண்டும். இல்லாவிட்டால் அந்த மோதல் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் உங்கள் நெஞ்சுக்கும் வரும். வெறும் பனிக்கே மடங்கினால் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே அளவு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மடங்கவே மடங்காத அளவுக்கு இறுக்கிவிடாதீர்கள். சங்கிலி போட்டு இறுகப் பிடித்திருக்கும் வண்டி, மடங்காத பிளேடோடு மறைந்த கல்லில் மோதினால் சட்டம் வளையும்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. பிளேடின் தள்ளு சட்டம் வண்டியின் அடியில் போய்ப் பின் அச்சுக்குப் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும். முன் பம்பர் போல்ட்டுகள் மட்டும் தாங்கினால் அவை மாதத்துக்கு ஒரு தடவை தளரும், ஒருநாள் தகடு கிழியும். முதல் அரை மணி நேர வேலைக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு முறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள்.

ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகப் போகிறது

பிளேடை ஒரு பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கும்போதுதான் இது அதிகம். பனி ஒரு பக்கமாக வழியும்போது மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளும். வழவழப்பான முன் டயரால் அதைத் தாங்க முடியாது. முன் டயருக்கும் சங்கிலி போடலாம், அல்லது சுற்றிலும் உயர்ந்த வரம்புகள் ஓடும் முன் டயர் மாட்டலாம். பின்னால் எடையை அதிகமாகத் தொங்கவிட்டிருந்தால் குறையுங்கள். அதுவரை சாய்வைக் குறைத்து, பிளேடின் பாதி அகலத்தை மட்டும் பனியில் விட்டுத் தள்ளுங்கள்.

கூடவே வரும் இன்னொரு அறிகுறி: ஒரு பின்சக்கரம் வாரிய பாதைக்கு வெளியே, பனிமேல் ஓடுகிறது. 48 அங்குல பிளேடை 30 பாகை சாய்த்தால் அது வாரும் அகலம் சுமார் 41½ அங்குலம்தான். உங்கள் பின் டயர்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை, சங்கிலியோடு சேர்த்து அளந்து பாருங்கள். அதைவிடக் கூடுதலாக இருந்தால் வண்டி தான் வாராத பனியில் தானே ஏறிக்கொள்கிறது. சாய்வைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அகலமான பிளேடு வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சுரண்டுகிறது

பின் டயர் இரண்டிலும் காற்றை அளந்து பாருங்கள், பிறகு முன் டயர். ஒரு பக்கம் 2 பி.எஸ்.ஐ. குறைந்தாலே பிளேடு கோணும். காற்று சமம் என்றால் காலடி உயரம், அதுவும் சமம் என்றால் பிளேடு திரும்பும் நடு போல்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பனி பிளேடில் அப்பிக்கொள்கிறது, சாய்வைப் பூட்டும் ஊசி உறைந்துவிட்டது

பிளேடு முகத்தில் துருவோ கீறலோ இருந்தால் ஈரப்பனி பிடித்துக்கொண்டு உருளாது. உலர்ந்திருக்கும்போது தேய்த்துப் பெயின்ட் அடித்து, மேலே மெழுகு தடவுங்கள். அவசரத்துக்கு சிலிக்கான் ஸ்பிரே போதும். பூட்டும் ஊசிக்குக் கிரீஸ். வேலை முடிந்ததும் பிளேடை மரக்கட்டைமேல் இறக்கி வைத்தால் தரையோடு சேர்ந்து உறையாது.

குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஓடும்போது திடீரென்று அணைகிறது

கோடையில் ஊற்றிய எஸ்.ஏ.இ. 30 ஆயில் குளிரில் பாகு மாதிரி ஆகிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் முனகும். கையேடு அனுமதித்தால் குளிர்காலத்துக்கு, குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ஆயில் ஊற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் செய்யுங்கள். கோடையில் மிச்சமான பெட்ரோலை நம்பாதீர்கள்.

ஓடும்போது அணைந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்சைப் பாருங்கள். கனமான உடையோடு குலுங்கும்போது உடல் சீட்டை விட்டு எழும்பினாலோ, அதன் இணைப்பில் ஈரம் போனாலோ எஞ்சின் நிற்கும். துடைத்து உலர்த்துங்கள்; சீட்டைச் சரியாகப் பொருத்துங்கள். அந்த ஸ்விட்சைக் கம்பி போட்டு ஏமாற்றிவிடாதீர்கள். நீங்கள் வழுக்கி விழும்போது வண்டியை நிறுத்தப்போவது அது ஒன்றுதான்.

சரிவில் பின்னோக்கி வழுக்குகிறது

சரிவில் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். குறுக்காக ஓட்டாதீர்கள், கீழ்ப்பக்கச் சக்கரத்தில் எடை ஏறி மேல்பக்கம் பிடி விடும். சங்கிலி இருக்கிறது என்ற தைரியத்தில் பிரேக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். பிரேக் பிடிப்பதும் அதே பின்சக்கரத்தைத்தான். ஹைட்ரோ வண்டியானால் மிதியை மெல்ல விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

போகப் போகப் பாதை குறுகிக்கொண்டே வருகிறது

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, பிளேடும் நன்றாக வாருகிறது, ஆனால் நாலைந்து பனிக்குப் பிறகு தள்ள இடமே இல்லை. பாதையோரம் குவித்த பனி உறைந்து சுவராக நிற்கிறது. பிளேடு அதில் முட்டுகிறது, சக்கரம் சுற்றுகிறது, மறுபடி முதல் அறிகுறிக்கே வந்து நிற்கிறோம். உறைந்த சுவரை இந்த வண்டியால் நகர்த்த முடியாது, முட்டி முட்டிச் சட்டத்தைத்தான் வளைப்போம். முதல் பனி மெல்லிசாக விழுந்திருக்கும்போதே, தேவைக்கு மேல் இரு பக்கமும் ஒரு மீட்டராவது தள்ளி, குவியலைப் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று தெரிந்தால் எதிர்ப்பக்கமாகக் குவியுங்கள். காற்று வரும் பக்கம் குவித்தால் அதன் மறைவில் பாதைமேலேயே பனி வந்து சேரும். ஏற்கெனவே சுவர் எழுந்துவிட்டதென்றால் மண்வெட்டியால் ஒரு இடத்தில் வாய் திறந்து, அந்த வாய் வழியாக ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போங்கள்.